காதுக்குத் தெரியாமல் கழித்தது

ஜெர்மனியின் எர்லாங்கன் நகரப் பல்கலைக்கழகத்தில் டீட்டர் சைட்சர் என்றொரு பேராசிரியர் இருந்தார். 1980களின் தொடக்கத்தில் அவருக்கு ஓர் ஆசை. வீட்டுக்கு வீடு டெலிபோன் கம்பி போகிறது. கேட்டவருக்குக் கேட்ட பாட்டை அந்தக் கம்பி வழியாகவே நல்ல தரத்தில் அனுப்பிவிட வேண்டும். ஐ.எஸ்.டி.என். என்ற டிஜிட்டல் டெலிபோன் இணைப்பு அப்போது வரவிருந்தது. அதை நம்பிக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். பரிசீலித்த அதிகாரி, இது நடக்காத காரியம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

அதிகாரியைக் குறை சொல்ல முடியாது, கணக்கு அவர் பக்கம்தான் இருந்தது. 1982இல் கடைக்கு வந்த சி.டி., ஒலியை வினாடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட்டில் எழுதிவைக்கிறது. இடது, வலது இரண்டுக்கும் சேர்த்து வினாடிக்கு 1,411 கிலோபிட். ஐ.எஸ்.டி.என். இணைப்பின் இரண்டு தடங்களையும் முழுசாகப் பிடித்துக்கொண்டாலும் 128 கிலோபிட்டுக்கு மேல் போகாது. பதினொரு பங்கில் ஒரு பங்கை அனுப்பிவிட்டு, கேட்பவரிடம் முழுப் பாட்டும் வந்துவிட்டது என்று சொல்ல வேண்டும்.

சைட்சர் விடவில்லை. மின்பொறியியல், கணிதம் இரண்டிலும் பட்டம் வாங்கியிருந்த கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் என்ற ஆராய்ச்சி மாணவரிடம் பிரச்சினையைக் கொடுத்தார். இன்று உலகமெல்லாம் எம்.பி.3 என்று அழைக்கும் கோப்பின் கதை அந்த மாணவரின் மேசையில்தான் தொடங்குகிறது.

சாதாரணச் சுருக்கம் இங்கே உதவாது. ஒரு கடிதத்தையோ கணக்குப் பட்டியலையோ சுருக்குவது சுலபம். திரும்பத் திரும்ப வருவதைக் குறியீடாக மாற்றினால் போதும். இசையில் அப்படி அச்சாகத் திரும்பி வருவது குறைவு. எதையும் இழக்காமல் சுருக்கும் ஃபிளாக் போன்ற முறைகள் இன்றைக்கும் ஏறத்தாழப் பாதிவரைதான் கொண்டுவர முடிகிறது. பதினொன்றில் ஒன்றாக்க வேண்டுமானால் எதையாவது இழந்தே ஆகவேண்டும். எதை இழப்பது என்பதற்கு விடை கணினி அறிவியலில் இல்லை, மனிதக் காதில் இருந்தது.

கல்யாண வீட்டில் தாலி கட்டும் நேரத்தில் 'கெட்டிமேளம்' என்று குரல் எழும். நாகஸ்வரமும் தவிலும் ஒரேயடியாக முழங்கும். அந்த நொடியில் யாராவது தும்மினாலும், அபசகுனமாக ஏதாவது சொல்லிவிட்டாலும் மணமக்கள் காதில் விழக்கூடாது என்று அதற்குக் காரணம் சொல்வார்கள். தும்மியவர் தும்மத்தான் செய்கிறார். ஒலி காற்றில் இருக்கிறது, காதில் இல்லை. ஒலியியல்காரர்கள் இதற்கு மறைப்பு என்று பெயர் வைத்து, ஆய்வகத்தில் உட்கார்ந்து அளந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஹார்வி ஃபிளெட்சர் இதில் முன்னோடி. பின்னாளில் மியூனிக்கில் பேராசிரியரான எபர்ஹார்ட் ஸ்விக்கர், நாம் கேட்கும் ஒலி வீச்சு முழுவதையும் 24 பட்டைகளாகப் பிரித்து 1961இல் ஓர் அளவுகோலை முன்வைத்தார். ஒரு பட்டைக்குள் பலத்த ஒலி ஒன்று இருந்தால், அதே பட்டையிலும் அக்கம்பக்கத்திலும் உள்ள மெல்லிய ஒலி காதுக்கு எட்டாது. பலத்த ஒலி நின்ற பிறகும் ஒரு வினாடியின் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குக் காது மந்தமாகவே இருக்கிறது. இன்னும் வேடிக்கை, பலத்த ஒலி வருவதற்குச் சில மில்லி வினாடி முன்னால் வந்த மெல்லிய ஒலியும் மறைந்துபோகிறது. மூளை ஒலியைச் சேர்த்துப் புரிந்துகொள்ள நேரம் எடுத்துக்கொள்வதால் வரும் விளைவு அது.

பிராண்டன்பர்க்கும் அவரைப் போல வேறு இடங்களில் உழைத்தவர்களும் இந்த அறிவைக் கருவியாக்கினார்கள். கேட்காத ஒலியை வெட்டி எறிவதுதான் எம்.பி.3 என்று பலர் நினைக்கிறார்கள். பாதிதான் சரி. அது செய்யும் பெரிய வேலை வேறு: ஒலிகளைத் தோராயமாக எழுதுவது. ஓர் அளவை 16 பிட்டில் எழுதாமல் நான்கு பிட்டில் எழுதினால் பிழை வரும். அந்தப் பிழை இரைச்சலாகக் கேட்கும். ஒவ்வொரு பிட்டைக் குறைக்கும்போதும் இரைச்சல் 6 டெசிபெல் ஏறும். ஆனால் அந்த இரைச்சலை எந்தப் பட்டையில் பலத்த ஒலி இருக்கிறதோ அதன் அடியில் ஒளித்துவைத்துவிட்டால்? சுருக்கப்பட்ட கோப்பு உண்மையில் இரைச்சல் நிறைந்த கோப்பு. நமக்குத்தான் தெரியவில்லை.

இதற்கு முதலில் பாட்டைப் பட்டை பட்டையாகப் பிரிக்க வேண்டும். எம்.பி.3, சுமார் 26 மில்லி வினாடி நீளமுள்ள துண்டுகளாகப் பாட்டை நறுக்கி, 576 அதிர்வெண் கோடுகளாகப் பிரித்துக் கணக்கிடுகிறது. இந்தக் கணக்கின் தாய்வழி நம் பக்கம் வருகிறது. பெங்களூரில் பிறந்து, அங்கேயே பொறியியல் படித்து, அமெரிக்காவின் கான்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போன நசீர் அகமது, டிஸ்கிரீட் கொசைன் டிரான்ஸ்ஃபார்ம் என்ற உத்தியை ஆராய 1972இல் அந்நாட்டின் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார். கிடைக்கவில்லை. இருந்தும் வேலையை முடித்து, டி. நடராஜன், கே.ஆர். ராவ் இருவரோடும் சேர்ந்து 1974இல் கட்டுரையாக வெளியிட்டார். போட்டோவைச் சுருக்கும் ஜேபெக் அதில்தான் நிற்கிறது. அதையே ஒலிக்கு ஏற்பத் திருத்தி 1987இல் பிரின்சன், பிராட்லி முதலானோர் தந்த வடிவம் எம்.பி.3க்குள் இருக்கிறது. காப்புரிமை அதிகாரி ஒருவரிடம், நிதி கொடுப்பவர் ஒருவரிடம் என்று இந்தக் கோப்பு பிறப்பதற்கு முன்பே இரண்டு முறை நிராகரிக்கப்பட்டுவிட்டது. மூன்றாவது நிராகரிப்பும் காத்திருந்தது.

அதற்கு முன் ஒரு பாட்டு குறுக்கே வந்தது. 1988 வாக்கில் பிராண்டன்பர்க்கின் முறை பெரும்பாலான இசையை நன்றாகவே கையாண்டது. ஹைஃபை பத்திரிகை ஒன்றில், ஒலிபெருக்கிகளைச் சோதிக்க சூசன் வேகாவின் 'டாம்ஸ் டைனர்' பாட்டைப் பயன்படுத்துகிறார்கள் என்று படித்தார். 1987இல் வந்த இசைத்தட்டில் உள்ள பாட்டு. பக்கவாத்தியம் கிடையாது, ஒரு பெண் குரல் மட்டும். நியூயார்க் உணவகம் ஒன்றில் உட்கார்ந்து பார்ப்பதைச் சொல்லிக்கொண்டே போகும். சரி, இதையும் பார்ப்போம் என்று தன் முறையில் சுருக்கிக் கேட்டார். குரல் கரகரத்து, இரண்டு பக்கமும் இரைச்சல் ஒட்டிக்கொண்டு, கேட்க முடியாதபடி வந்தது.

பெரிய வாத்தியக் குழு என்றால் இரைச்சலை ஒளிக்க நூறு இடம் உண்டு. தனிக் குரலுக்கு அப்படி மறைவிடம் இல்லை. மேலும் அந்தக் குரல் இரண்டு காதுக்கும் சமமாக, நடுவில் நிற்கிறது. இடதையும் வலதையும் தனித்தனியாகச் சுருக்கினால் இரண்டிலும் வரும் இரைச்சல் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதது. அது நடுவில் நிற்காமல் பக்கவாட்டில் பரவும். குரல் ஓரிடத்தில், இரைச்சல் வேறிடத்தில் என்றால் காது இரண்டையும் பிரித்துக் கண்டுபிடித்துவிடும். இரண்டு காதால் கேட்பதன் பலன் அது. 1989இல் முனைவர் பட்டம் பெற்று பெல் ஆய்வகத்துக்குப் போன பிராண்டன்பர்க், அங்கே இதே துறையில் தனியாக உழைத்திருந்த ஜேம்ஸ் ஜான்ஸ்டனோடு சேர்ந்து வேலை செய்தார். இடது, வலது என்று எழுதாமல், இரண்டின் கூட்டல், இரண்டின் வித்தியாசம் என்று எழுதும் வழி அங்கே மெருகேறியது. பாட்டை எண்ணற்ற முறை கேட்டுக் கேட்டுத் திருத்தினார்கள். சூசன் வேகாவை எம்.பி.3யின் தாய் என்று பிறகு சொல்லத் தொடங்கியது இதனால்தான்.

வேகாவே பல ஆண்டுகள் கழித்து எர்லாங்கனுக்குப் போனார். மூலத்தையும் சுருக்கியதையும் போட்டுக் காட்டி, இரண்டும் ஒன்றேதான் என்றார் அங்கிருந்த ஒருவர். தன் காதுக்கு மூலத்தின் கதகதப்பு கொஞ்சம் குறைகிறாற்போல இருக்கிறதே என்றார் வேகா. போட்டுக் காட்டியவர் ஒப்புக்கொள்ளவில்லை. இந்த வழக்கில் நான் பாடியவர் கட்சி. ஆனால் அவர் தன் சொந்தக் குரலைக் கேட்டார் என்பதையும் மறக்கக்கூடாது. அந்தக் காது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

தனிக் குரல் போலவே கஷ்டப்படுத்தியது காஸ்டனெட் என்ற ஸ்பானிய மரச் சிப்பி. மௌனம், திடீரென ஒரு சொடுக்கு. 26 மில்லி வினாடித் துண்டு முழுக்க இரைச்சல் சமமாகப் பரவுவதால், சொடுக்குக்கு முன்னிருந்த மௌனத்திலும் அது கேட்டுவிடும். அடி விழுவதற்கு முன்பே அடியின் நிழல் விழுகிறது. அடி விழும் இடத்தில் துண்டுகளை மூன்றிலொரு பங்காகக் குறுக்கி இதைச் சமாளித்தார்கள். மிருதங்கமும் கடமும் மட்டமான எம்.பி.3யில் கூர்மை இழந்து மழுங்குவது இதே கோளாறுதான்.

1988இல் இத்தாலியரான லியோனார்டோ கியாரிலியோனே முன்னின்று தொடங்கிய எம்பெக் குழு, படத்துக்கும் ஒலிக்கும் உலகப் பொதுத் தரம் வகுக்கப் புறப்பட்டது. 14 முறைகள் போட்டிக்கு வந்தன. அவற்றை நான்காகத் தொகுத்தார்கள். ஸ்டாக்ஹோமில் 1990இலும் 1991இலும் கேட்பவர்களை உட்காரவைத்துச் சோதித்தார்கள். பிராண்டன்பர்க் அணியின் ஆஸ்பெக், குறைந்த பிட்டில் ஒலித்தரத்தில் மேலாக நின்றது. பிலிப்ஸ் உள்ளிட்டோரின் மியூசிகாம், எளிமையில் மேலாக நின்றது. அதற்குச் சின்னச் சில்லு போதும். வழக்கம்போல் பஞ்சாயத்து நடந்து, மூன்று அடுக்காகப் பிரித்தார்கள். முதல் இரண்டும் மியூசிகாம் வழி. மூன்றாவது அடுக்கு ஆஸ்பெக் வழி, ஆனால் மியூசிகாமின் 32 பட்டை வடிகட்டியையும் உள்ளே சுமக்க வேண்டும் என்ற சமரசத்தோடு. எம்.பி.3க்குள் இருக்கும் தேவையற்ற சிக்கல்களில் ஒன்று இந்தச் சமரசத்தில் வந்தது. 1992இல் தரம் முடிவாகி 1993இல் வெளியானது.

வெளியானதும் எல்லோரும் இரண்டாம் அடுக்கையே எடுத்துக்கொண்டார்கள். ஐரோப்பிய டிஜிட்டல் வானொலி அதை எடுத்தது. வி.சி.டி. அதை எடுத்தது. 1990களின் கடைசியில் நம் ஊர் வாடகைக் கடைகளில் மாற்றி மாற்றிப் பார்த்த படங்களின் ஒலியெல்லாம் வினாடிக்கு 224 கிலோபிட் இரண்டாம் அடுக்குதான். மூன்றாம் அடுக்கைச் சீந்துவார் இல்லை. வானொலி நிலையங்கள் ஐ.எஸ்.டி.என். வழியே ஒலி அனுப்பும் கருவி போன்ற சில இடங்களில் மட்டும் பிழைத்துக் கிடந்தது. சைட்சர் ஆசைப்பட்ட வேலைக்கு மிக நெருக்கமானது அதுதான் என்பது தனி விஷயம்.

தோற்ற பிள்ளைக்குக் கணினி வழி விட்டது. பிராண்டன்பர்க் அணி வேலை செய்த எர்லாங்கனின் ஃபிரான்ஹோஃபர் நிறுவனம் 1995இல் விண்டோஸில் ஓடும் வின்பிளே3 என்ற பிளேயரைக் கொடுத்தது. அந்த ஆண்டு ஜூலை 14 அன்று, கோப்பின் பெயருக்குப் பின்னால் என்ன ஒட்டு வைக்கலாம் என்று தங்களுக்குள் கேட்டு, எம்.பி.3 என்று முடிவு செய்தார்கள். ஐந்து நிமிடப் பாட்டு சி.டி.யில் 53 எம்.பி. பிடிக்கும். அன்றைய 28.8 கிலோபிட் மோடத்தில் அதை இறக்க நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். 128 கிலோபிட் எம்.பி.3யாக்கினால் 4.8 எம்.பி., 22 நிமிடம். இந்த வித்தியாசம் ஒன்றே போதுமாக இருந்தது.

சுருக்கும் மென்பொருளை அதிக விலைக்கும், பாடவைக்கும் மென்பொருளை மலிவாகவும் கொடுப்பது அவர்கள் திட்டம். 1997இல் ஆஸ்திரேலிய மாணவர் ஒருவர் திருட்டு கிரெடிட் கார்டு எண்ணில் அந்தச் சுருக்கும் மென்பொருளை வாங்கி, பிரித்து, புதிதாகக் கட்டி, ஃபிரான்ஹோஃபருக்கு நன்றி சொல்லி இலவசமாக இணையத்தில் போட்டுவிட்டார் என்று பிராண்டன்பர்க் சொல்லியிருக்கிறார். பிறகு நடந்தது எல்லோரும் அறிந்தது: 1997இல் வின்ஆம்ப் என்ற கணினி பிளேயர், 1998இல் தென்கொரியாவின் கையடக்க பிளேயர் எம்பிமேன், அதே ஆண்டு அரை மணி நேரப் பாட்டுக் கொள்ளும் 32 எம்.பி. ரியோ, 1999இல் பாட்டுக் கோப்புகளைப் பகிரும் நாப்ஸ்டர், வழக்குகள், 2001இல் ஆயிரம் பாட்டோடு ஐபாட்.

நம் பக்கம் அது வேறு வழியிலும் வந்தது. 2000இல் ஏவப்பட்ட ஆசியாஸ்டார் செயற்கைக்கோளிலிருந்து வேர்ல்ட்ஸ்பேஸ் வானொலி அனுப்பியது இதே மூன்றாம் அடுக்கைத்தான். ஸ்ருதி அலைவரிசையில் கர்நாடக சங்கீதமும் கே.எல். ரேடியோவில் தமிழ்ப் பாட்டும் கேட்டவர்கள், 2009 முடிவில் அது இந்தியாவில் நின்றபோது வருந்தியது எனக்குத் தெரியும். இன்னொரு பக்கம் சென்னை பர்மா பஜாரின் திருட்டுத் தட்டு. 700 எம்.பி. தட்டில் 128 கிலோபிட்டில் போட்டால் பன்னிரண்டரை மணி நேரம், அதாவது 150 பாட்டு. அதே தட்டில் 200, 250 என்று அட்டையில் போட வேண்டுமானால் 64 கிலோபிட்டுக்கு இறங்க வேண்டும். இறங்கினார்கள். மேல் ஸ்தாயி அடியோடு போய், ஜால்ராவின் கலீர் ஓசை 'ஷ்ஷ்' என்ற இரைச்சலாக நசுங்கி, எம்.பி.3 என்றாலே மட்டம் என்று ஒரு பேர் வந்தது. அந்தப் பழியில் பெரும்பங்கு அந்தக் கோப்புக்கு உரியதல்ல.

காரணம் இரண்டு. ஒன்று, எம்.பி.3 தரம் வகுத்தது கோப்பை எப்படிப் படிப்பது என்பதை மட்டும். எப்படி எழுதுவது என்பதை அவரவர் திறமைக்கு விட்டுவிட்டது. 1998இல், பொதுவில் கிடைத்த மாதிரி நிரலைத் திருத்தும் சிறு முயற்சியாக மைக் செங் தொடங்கிய லேம் என்ற மென்பொருள், பிறகு மார்க் டெய்லர் முதலான பலர் கையில் வளர்ந்து, அதே 128 கிலோபிட்டில் பழைய மென்பொருள்களைவிட வெகு சுத்தமாக எழுதியது. கடினமான இடத்தில் பிட்டை அள்ளிக் கொடுத்து, எளிய இடத்தில் கையைச் சுருக்கும் வி.பி.ஆர். முறையில் சராசரி 190 கிலோபிட் வந்தால், மூலத்தையும் அதையும் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டாலும் என் காதுக்குப் பிடிபடுவதில்லை. பிடிபடுகிறது என்று சத்தியம் செய்பவர்களைக் கண்ணைக் கட்டிச் சோதிக்க ஆசை.

இரண்டாவது காரணம்தான் கொடியது. ஒரு முறை சுருக்கியதை மறுபடி சுருக்குவது. முதல் சுருக்கத்தில் இரைச்சல் ஒளிந்திருக்கிறது. இரண்டாவது முறை சுருக்கும்போது மென்பொருள் அந்த இரைச்சலையும் பாட்டின் பகுதி என்று எண்ணி, அதை எழுதப் பிட் செலவழித்து, மேலே புது இரைச்சலைப் பூசுகிறது. ஒளிந்திருந்தது இப்போது வெளியே வருகிறது. தமிழ்த் திரைப்பாட்டுக்கு நேர்ந்தது இதுதான்: கேசட்டிலிருந்து 64 கிலோபிட் கோப்பு, அதிலிருந்து இன்னொரு தட்டு, அதிலிருந்து இணையத்தில் ஏற்றியது, அதிலிருந்து இறக்கி '320 கிலோபிட்' என்று பெயர் மாற்றிப் பென் டிரைவில் ஏற்றியது. 64ஐ 320 ஆக்கினால் கோப்பு ஐந்து மடங்கு பெரிதாகும், போன ஒலி திரும்பாது. யூடியூபிலிருந்து 320இல் இறக்கித் தருகிறோம் என்பவர்கள் செய்வதும் இதே கண்கட்டு. அங்கே பெரும்பாலும் இருப்பதே அதில் பாதிக்கும் குறைவு.

எம்.பி.3 எதைக் கழிக்கிறது என்று காது கொடுத்துக் கேட்டவரும் உண்டு. ரயன் மக்வயர் என்ற அமெரிக்க இசையமைப்பாளர், 'டாம்ஸ் டைனர்' பாட்டைச் சுருக்கும்போது விடுபட்டதை மட்டும் பிரித்தெடுத்து அதிலிருந்தே ஒரு படைப்பைச் செய்தார். இருட்டில் யாரோ பாட முயல்வதுபோல மூச்சும் தேய்ந்த எழுத்தொலிகளும் மட்டும் அதில் கேட்கின்றன.

2017 ஏப்ரல் 23 அன்று எம்.பி.3யின் உரிமக் கட்டண ஏற்பாடு முடிவுக்கு வந்தது. காப்புரிமைகள் காலாவதியாகிவிட்டன. எம்.பி.3 செத்துவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின. சாகவில்லை, யாருக்கும் கட்டணம் கட்டாமல் பயன்படுத்தும் பொதுச்சொத்தாகியது. அதன் தம்பிகள் இன்று திறமைசாலிகள். பிராண்டன்பர்க்கும் ஜான்ஸ்டனும் பங்கெடுத்து 1997இல் வந்த ஏ.ஏ.சி., 128 கிலோபிட்டிலேயே எம்.பி.3யைத் தாண்டும். 2012இல் வந்த ஓபஸ், பேச்சை 24 கிலோபிட்டில் தெளிவாகத் தருகிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பும் குரல் செய்தி அதுதான்.

வீட்டில் பழைய கேசட் இருந்தால், தாத்தா பேசியதோ அம்மா பாடியதோ எதுவானாலும், முதலில் சுருக்காமல் பதிவு செய்யுங்கள். ஒரு மணி நேரம் சி.டி. தரத்தில் 635 எம்.பி. ஆகும், ஃபிளாக்கில் போட்டால் ஏறத்தாழப் பாதியாகும், ஒரு பிட்கூடப் போகாது. அதை இரண்டு இடத்தில் பத்திரப்படுத்துங்கள். அனுப்புவதற்கும் போனில் கேட்பதற்கும் அதிலிருந்து பிரதி எடுங்கள்: பேச்சுக்கு மோனோவில் 64 கிலோபிட் எம்.பி.3 தாராளம், பாட்டுக்கு வி.பி.ஆர். 190. வேறு அளவு வேண்டுமென்றால் அந்தப் பிரதியைத் தொடாமல் மறுபடி மூலத்துக்குப் போங்கள். இணையத்தில் 320 என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பி எதையும் சேமிக்காதீர்கள்.